எல்லைக் கரையின் பந்து – 17: சென்னைக்கு வந்த ஸ்டாப்பர்

சென்ற பகுதியை 1992-இல் நிறுத்தியிருந்தோம். கோயம்புத்தூரில் நடந்த இறுதியாட்டத்தில் கோவாவை 3-0 என்று வீழ்த்திக் கேரளம் சந்தோஷ் டிராஃபியைத் தூக்கியது. அந்த அணிக்குக் கேப்டன் வி.பி. சத்யன். ஆடிய இடம் ஸ்டாப்பர், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரரின் இடம். ஃபார்வர்டுகளின் பெயர்களையே நாளேடுகள் கொட்டை எழுத்தில் போட்டுவந்த காலத்தில், ஒரு ஸ்டாப்பரின் பெயரை நம் ஊர்ப் பையன்கள் சட்டையின் முதுகில் எழுதிக்கொண்டது அப்போதுதான்.

இந்தப் பகுதியில் இருபத்திரண்டு ஆண்டுகளைத் தாண்டுகிறோம். இன்னொரு ஸ்டாப்பர் வருகிறார், இத்தாலியிலிருந்து.

கோட்டின் இருபுறமும்

2014 அக்டோபர் 12-ஆம் தேதி இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. கொச்சிக்குக் கேரளா பிளாஸ்டர்ஸ், சென்னைக்குச் சென்னையின் எஃப்.சி. தெற்கே இரண்டு மாநிலங்களுக்கும் ஆளுக்கொரு அணி கிடைத்ததும், திருவனந்தபுரத்துக்கு வடக்கே இருந்தவர்களுக்கும் நாகர்கோவிலுக்குக் கிழக்கே இருந்தவர்களுக்கும் யோசிக்க எதுவுமில்லை. மஞ்சள் சட்டையா நீலச் சட்டையா என்ற கேள்வி வந்தது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும்தான்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததையும், திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டதையும் இத்தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். அன்றிலிருந்து இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஒரு மாநில எல்லை ஓடுகிறது. ரேஷன் அட்டை ஒருபுறம், சம்பந்தி வீடு மறுபுறம் என்று வாழ்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். கடற்கரையிலும் இதே நிலைதான். பொழியூரோடு கேரளம் முடிகிறது. அடுத்த காலடியில் நீரோடி, தமிழ்நாடு. அங்கிருந்து மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று வரிசையாக மீனவ ஊர்கள். அத்தனை ஊரிலும் மணலில் பந்து உருண்டுகொண்டே இருக்கும். செவன்ஸ் போட்டி என்றால் இந்தப் பக்கத்துப் பையன் அந்தப் பக்கத்து அணிக்கு ஆடுவதும், அந்தப் பக்கத்தான் இங்கே வந்து ஆடுவதும் சாதாரணம்.

அப்படிப்பட்ட ஊர்களுக்கு 2014-இன் இறுதியில் ஒரு சோதனை வந்தது. அதைச் சொல்லுமுன், சென்னை அணியை நடத்த வந்த மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லெச்சேயிலிருந்து பெருஜா வரை

மார்கோ மாத்தெராசி 1973 ஆகஸ்ட் 19-ஆம் தேதி தென்னித்தாலியின் லெச்சே நகரில் பிறந்தார். தந்தை ஜுசெப்பே மாத்தெராசி பந்தாட்டக்காரர், பிறகு பயிற்சியாளர். ரோமின் லாத்சியோ அணியையே நடத்தியவர். மகனுக்குப் பதினைந்து வயதாகும்போது தாய் இறந்துபோனார்.

பயிற்சியாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய கிளப்பின் கதவு தானாகத் திறந்திருக்கும் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை. ரோமில் தோர் தி குயிந்தோ என்ற அமெச்சூர் அணியில் ஆடினார். பிறகு சிசிலித் தீவுக்குப் போய் மர்சாலாவிலும் திராப்பனியிலும் கீழ்ப்பிரிவு ஆட்டங்கள். 1995-இல் பெருஜா எடுத்துக்கொண்டபோது வயது இருபத்திரண்டு. அங்கும் நிலையான இடம் கிடைக்காமல், இடையில் ஒரு பருவம் கார்ப்பி அணிக்குக் கடனாக அனுப்பப்பட்டார். நம் கடற்கரையில் இருபத்திரண்டு வயதுக்குள் போலீஸ் டீமோ வங்கி டீமோ செலெக்ஷனில் எடுக்காவிட்டால், பையன் பூட்ஸைக் கழற்றிவிட்டு வள்ளத்திலோ வளைகுடா விமானத்திலோ ஏறிவிடுவான். மாத்தெராசி அந்த வயதைத் தாண்டியும் விடாமல் நின்றார்.

1998-இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கூப்பிட்டது. ஒரே பருவத்தில் பலமுறை சிவப்பு அட்டை வாங்கிவிட்டுப் பெருஜாவுக்கே திரும்பினார். மறு வாழ்வு அங்கேதான் தொடங்கியது. 2000-01 பருவத்தில் இத்தாலியின் முதல் பிரிவான சீரி ஆ-வில் 12 கோல்கள் அடித்தார். பெனால்ட்டி, ஃப்ரீ கிக், கார்னரில் எழும்பித் தலையடி என்று எல்லா வகையிலும் வந்த கோல்கள். தடுப்பாட்டக்காரர்களில் அர்ஜென்டினாவின் டேனியல் பசரெல்லா வைத்திருந்த 11 கோல் சாதனையை அது முறியடித்தது. 2001 ஏப்ரலில், இருபத்தேழு வயதில், இத்தாலியச் சட்டை முதல்முறையாகக் கிடைத்தது. அந்தக் கோடையிலேயே மிலானின் இன்டர் அவரை வாங்கியது.

பழிகளின் ஆண்டுகள்

ஸ்டாப்பர் என்பவன் நம் கடலோரத்துப் புலிமுட்டு போல. நூறு அலையை வாங்கி நிற்கும்போது ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு அலை தாண்டி வீட்டுக்குள் தண்ணீர் வந்தால்தான் பேச்சு வரும். மாத்தெராசியின் அடுத்த ஐந்தாண்டுகள் முழுக்க அந்தப் பேச்சுதான்.

2002 மே 5. பருவத்தின் கடைசி ஆட்டம். ரோமில் லாத்சியோவை வென்றால் இன்டருக்குச் சாம்பியன் பட்டம். 4-2 என்று தோற்றார்கள். பட்டம் யுவென்டஸுக்குப் போனது. ஒரு மாதம் கழித்து ஜப்பானின் காஷிமாவில் உலகக் கோப்பை ஆட்டம், எதிரணி குரோஷியா. இத்தாலியின் முதன்மைத் தடுப்பாட்டக்காரர் அலெசாந்த்ரோ நெஸ்டா காயப்பட்டு வெளியேற, அவரிடத்துக்கு மாத்தெராசியை இறக்கினார்கள். முன்னிலையில் இருந்த இத்தாலி இரண்டாம் பாதியில் மூன்றே நிமிட இடைவெளியில் இரண்டு கோல் வாங்கி 2-1 என்று தோற்றது. பழி மாற்றாளாக வந்தவர் தலையில் விழுந்தது. கடைசி நிமிடத்தில் அவர் தூக்கி அடித்த நீண்ட பந்து நேராக வலைக்குள் போனதையும் நடுவர் ஏற்கவில்லை.

2004 பிப்ரவரியில் சியெனா அணிக்கு எதிரான ஆட்டம் முடிந்தபின் எதிரணி வீரர் புருனோ சிரில்லோவை அடித்ததற்காக இரண்டு மாதத் தடை. இதில் பழி சொன்னவர்கள் சொன்னது சரி. அது ஆட்டத்தின் வேகத்தில் நடந்த தவறு அல்ல. ஒரு ஸ்டாப்பரின் கதையை நேர்மையாக எழுத வேண்டுமென்றால், அவர்மேல் அநியாயமாக விழுந்த பழியையும் அவரே தேடிக்கொண்ட பழியையும் தனித்தனியாகப் பிரித்துவைக்க வேண்டும்.

பெர்லின், 2006 ஜூலை 9

அந்த உலகக் கோப்பைக்கும் மாத்தெராசி போனது மாற்றாளாகத்தான். நடுவில் ஃபேபியோ கன்னவாரோவும் நெஸ்டாவும் நின்றார்கள். மூன்றாவது ஆட்டம் செக் குடியரசோடு. நெஸ்டாவுக்கு மறுபடி காயம். நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது அப்படியே திரும்ப நடந்தது. இறங்கிய சற்று நேரத்தில், 26-ஆம் நிமிடம், கார்னரில் எழும்பி மாத்தெராசி தலையால் அடித்தார், கோல். இத்தாலி 2-0 என்று வென்றது. அடுத்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 50-ஆம் நிமிடம் சிவப்பு அட்டை. கால் இறுதியில் ஆட முடியவில்லை. அரையிறுதிக்குத் திரும்பி வந்தார். டார்ட்முண்டில் ஜெர்மனியை 120 நிமிடம் கோல் அடிக்கவிடாமல் வைத்த தடுப்புவரிசையில் அவரும் ஒருவர்.

இறுதியாட்டம் நம் நேரப்படி இரவு பதினொன்றரைக்குத் தொடங்கியது. ஏழாவது நிமிடத்திலேயே பிரான்சின் மலூதா பெட்டிக்குள் விழுந்தார். மோதியது மாத்தெராசி. பெனால்ட்டி. ஜினெடின் ஜிடான் பந்தை மெல்லத் தூக்கிவிட, அது குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்குள் விழுந்து வெளியே குதித்தது. 1-0. அந்த நிமிடத்தில் மாத்தெராசியின் இடத்தில் எந்த ஸ்டாப்பர் இருந்தாலும் கால் கனத்துப்போயிருக்கும். உலகமே பார்க்கிற ஆட்டத்தில், தன்னால் வந்த கோல்.

19-ஆம் நிமிடம் வலப்புறத்திலிருந்து பிர்லோ கார்னர் எடுத்தார். பந்து வளைந்து வரும்போது பிரான்சின் பத்ரிக் வியேரா மாத்தெராசியை ஒட்டியே நின்றார். இருவரும் நெடியவர்கள், இருவரும் எழும்பினார்கள். மாத்தெராசி ஒரு கை உயரம் கூடுதலாகப் போனார். நெற்றியில் வாங்கிக் கீழ்நோக்கி அடித்தார். 1-1. பெனால்ட்டிக்கும் இந்தத் தலையடிக்கும் நடுவே பன்னிரண்டே நிமிடங்கள். அந்தப் பன்னிரண்டு நிமிடங்களில் அவர் ஒளியவில்லை. பந்து வந்த இடத்துக்கெல்லாம் முன்பு போலவே போனார். பழியைச் சுமந்துகொண்டே அடுத்த பந்துக்கு எழும்பியது, என் பார்வையில், அவருடைய ஆட்ட வாழ்வின் உச்சம்.

110-ஆம் நிமிடம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஜிடான் திரும்பி வந்து நெஞ்சில் முட்டினார். இவர் சாய்ந்தார். ஜிடானுக்குச் சிவப்பு அட்டை. ஜிடானின் சகோதரியைக் கேவலமாகப் பேசியதைப் பின்னர் மாத்தெராசியே ஒத்துக்கொண்டார். ஃபிஃபா இவருக்கு இரண்டு ஆட்டத் தடையும், ஜிடானுக்கு மூன்று ஆட்டத் தடையும் விதித்தது. அந்த வார்த்தை தவறு, அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. சொல்லாத வார்த்தைகளையும் சொன்னதாக எழுதிய லண்டன் நாளேடுகள் பின்னாளில் அவருக்கு இழப்பீடு கொடுத்தன என்பதும் வரலாறுதான்.

பெனால்ட்டிச் சுற்றில் இத்தாலியின் இரண்டாவது உதையை எடுத்தவர் மாத்தெராசி. கோல். இத்தாலி 5-3 என்று கோப்பையை வென்றது. ஏழு ஆட்டங்களில் அந்த அணி வாங்கியது மொத்தம் இரண்டே கோல். ஒன்று தன் ஆளே தவறுதலாகப் போட்டது, மற்றொன்று ஜிடானின் பெனால்ட்டி. எதிராளி ஓடிவந்து, ஆட்டத்தின் போக்கில் அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. இந்தக் கணக்கை எவரும் படமாக மாட்டி வைக்கவில்லை. முட்டிய படம்தான் உலகம் முழுக்கச் சுற்றியது, பாரிசில் வெண்கலச் சிலையாகவும் நின்றது.

நேரு ஸ்டேடியம், 2014 டிசம்பர் 16

இன்டரில் பத்து ஆண்டுகள். ஐந்து சாம்பியன் பட்டங்கள், நான்கு இத்தாலியக் கோப்பைகள், 2010-இல் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக். 2011-இல் கிளப்பை விட்டு விலகினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 41 வயதில், ஆடவும் பயிற்சி கொடுக்கவுமாக இரட்டை வேலைக்குச் சென்னை வந்தார். அதே 23-ஆம் எண் சட்டை.

அவர் சேர்த்த ஆட்களில் இருவரைக் கவனிக்க வேண்டும். ஒருவர் மிக்காயேல் சில்வெஸ்த்ர், 2006-இல் பிரான்சின் உலகக் கோப்பை அணியில் இருந்த தடுப்பாட்டக்காரர். மற்றவர் நெஸ்டா. 2002-லும் 2006-லும் எவர் காயத்தால் மாத்தெராசிக்கு இடம் கிடைத்ததோ, அந்த நெஸ்டா ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பருவத்தின் பின்பாதியில் பழைய மாற்றாள் கூப்பிட, 38 வயதில் அவர் சென்னைக்கு வந்து சில ஆட்டங்கள் ஆடினார். பெர்லினில் எதிரெதிர் முகாமில் இருந்தவர்களும், ஒரே இடத்துக்குப் போட்டியிட்டவர்களும் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஒரே அணியாக நின்றார்கள்.

பிரேசிலின் எலானோ 8 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்க, சென்னை லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அரையிறுதியில் எதிரே வந்தது கேரளா பிளாஸ்டர்ஸ். எல்லையோர ஊர்களுக்கு வந்த சோதனை இதுதான்.

டிசம்பர் 13, கொச்சி. இஷ்ஃபாக் அகமது ஒன்று, இயன் ஹியூம் ஒன்று. முடியும் தறுவாயில் வயநாட்டுக்காரர் சுஷாந்த் மேத்யூ தூரத்திலிருந்து வளைத்து அடித்தது மூன்றாவது. கேரளம் 3-0. கதை முடிந்தது என்று மஞ்சள் சட்டைக்காரர்கள் நினைத்ததில் தப்பில்லை.

டிசம்பர் 16, சென்னை. 28-ஆம் நிமிடம் கேரளத்தின் ஜேமி மெக்அலிஸ்டர் சிவப்பு அட்டையில் வெளியேறினார். பத்துப் பேர் ஆனார்கள். 42-ஆம் நிமிடம் சில்வெஸ்த்ர் ஒரு கோல் அடித்தார். மூன்று கோல் கடனில் ஒன்று அடைந்தது. இரண்டாம் பாதி முழுக்கப் பந்து கேரளத்தின் பெட்டியைச் சுற்றியே கிடந்தது. 76-ஆம் நிமிடம், அன்று முழுவதும் தலையும் காலும் கொடுத்துத் தடுத்துக்கொண்டிருந்த இளம் ஸ்டாப்பர் சந்தேஷ் ஜிங்கன்மேல் பட்டுப் பந்து சொந்த வலைக்குள் போனது. 90-ஆம் நிமிடம் சென்னையின் ஜெஜே அடித்தார். மொத்தக் கணக்கு 3-3. நேரு ஸ்டேடியம் எழுந்து நின்றது. கூடுதல் நேரத்தில் பெனால்ட்டிக்கு மூன்று நிமிடம் இருக்கையில் கேரளத்தின் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோலில் எல்லாம் முடிந்தது. 4-3 என்ற மொத்தக் கணக்கில் கேரளம் இறுதியாட்டம் போய், அங்கே கொல்கத்தாவிடம் ஒரு கோலில் தோற்றது.

அந்த இரண்டு ஆட்டங்களையும் பாறசாலையில் பார்த்தவர்களுக்கு, எந்தக் கோலுக்குக் கைதட்டினாலும் ஒரு பக்கம் வலிக்கும். எனக்கு மனதில் நின்றது ஜிங்கன்தான். சொந்த வலையில் கோல் விழுந்தபின்னும் அந்தப் பையன் தலை குனியவில்லை. பத்துப் பேர் அணியில் மேலும் நாற்பது நிமிடத்துக்கு மேல் தடுத்து ஆடினான். பிற்பாடு இந்தியாவின் தடுப்பு அரணே அவன் தோளில் நின்றது.

வெள்ளத்துக்குப் பின்

அடுத்த பருவத்தில் சென்னை தடுமாறியது. ஒரு கட்டத்தில் பட்டியலில் கடைசி இடம். அங்கிருந்து தொடர் வெற்றிகளோடு அரையிறுதிக்கு ஏறி வந்தபோது, 2015 டிசம்பர் முதல் வாரத்து வெள்ளம் சென்னையை மூழ்கடித்தது. சொந்த மைதானத்தில் ஆட முடியாமல் அரையிறுதியின் முதல் ஆட்டத்தைப் புனேயில் ஆடினார்கள். முந்தைய ஆண்டின் சாம்பியன் கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றும் இறுதியாட்டம் போனார்கள்.

டிசம்பர் 20, கோவாவின் ஃபத்தோர்தா. 87-ஆம் நிமிடம் கோவா 2-1 என்று முந்தியது. 90-ஆம் நிமிடம் பந்து கோவா கோல்கீப்பர் கட்டிமணிமேல் பட்டு உள்ளே போக 2-2. கூட்டிக் கொடுத்த நேரத்தில் கொலம்பியாவின் மென்டோசா அடிக்க 3-2. சென்னைக்கு முதல் பட்டம். கட்டிமணி அதே ஆட்டத்தில் இரண்டு பெனால்ட்டிகளைத் தடுத்தவர். அவரைப் பற்றிக் கேட்டால் பலருக்கும் அந்த ஒரு பந்துதான் நினைவுக்கு வரும். கடைசி வரிசையில் நிற்கிறவர்களுக்கு நாம் செய்கிற அநியாயம் இது.

2016-இல் சென்னை ஏழாவது இடத்தில் முடிந்தது. 2017 மார்ச்சில் மாத்தெராசி விடைபெற்றார்.

அதே ஜூலை

இப்போது சத்யனுக்குத் திரும்புவோம். கண்ணூர்க்காரர். கேரளப் போலீஸ் அணியில் 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றவர். இந்திய அணியின் கேப்டன். பின்னர் சென்னையில் இந்தியன் வங்கிக்கு ஆடி, அங்கேயே பயிற்சியாளரும் ஆனார். 2006 ஜூலை 9 நள்ளிரவில் ஓர் இத்தாலிய ஸ்டாப்பர் உலகக் கோப்பையைத் தூக்கினார். ஜூலை 18 அன்று பல்லாவரம் ரயில் நிலையத்தருகே சத்யன் ரயிலில் அடிபட்டு இறந்தார். வயது 41. நடுவே ஒன்பது நாட்கள்.

உடலெல்லாம் காயத்தை வாங்கி ஆடிய ஒரு கேப்டனை, ஆட்டம் முடிந்தபின் நாம் எப்படி வைத்திருந்தோம் என்ற கேள்விக்குக் கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கை ‘கேப்டன்’ என்ற பெயரில் 2018-இல் மலையாளப் படமாக வந்தது. அதுவரை காத்திருந்தது நமக்குப் பெருமை அல்ல.

விங்கில் ஓடியவனுக்குத் தடுப்பு வேலை

நம் கரை பெரும்பாலும் விங்கர்களையும் ஃபார்வர்டுகளையும்தான் தருகிறது என்று சொல்வார்கள். மணலில் ஓடிப் பழகிய கால்களின் வேகத்தைத் தேர்வாளர்கள் முன்களத்தில் வைத்தே பார்க்கிறார்கள். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜும் அப்படி வந்தவர்தான். சென்னை சிட்டி அணிக்காக 2017-18 ஐ-லீகில் சிறந்த நடுக்கள வீரர் விருது. பிறகு ஜம்ஷெட்பூர். 2019 ஜூனில் இந்தியச் சட்டை. 2019-20-இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே அணிக்குப் போனதும், பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் அவரை இடப்பக்க விங்-பேக்காக இறக்கினார். கோட்டோரமாக ஏறுவது பாதி வேலை, ஓடித் திரும்பி வந்து தடுப்பது மீதி வேலை. அந்தப் பருவத்தில் ஏ.டி.கே சாம்பியன் ஆனது. 2020 நவம்பர் 20-ஆம் தேதி அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக, முழங்காலில் பலத்த காயம்பட்டு வெளியேறினார்.

தாக்குதல் பிறவி வேகத்தில் வரலாம். தடுப்பைக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். யார் எப்போது முன்னேறுவது, யார் பின்னே காவல் நிற்பது, கார்னரில் யாரை யார் பிடிப்பது என்று இத்தாலியர்கள் சிறுவயதிலேயே மணிக்கணக்காகப் பயிற்சி தருகிறார்கள். நம் கடற்கரை மைதானங்களில் பத்து வயதுப் பையனுக்கு கோல் அடிக்கச் சொல்லித்தர ஆள் உண்டு. ஸ்டாப்பராக நிற்கச் சொல்லித்தர ஆள் குறைவு. ஆடத் தெரியாதவனைப் பின்னே நிறுத்து என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பழக்கம் மாறாமல் இந்த எல்லை ஊர்களிலிருந்து ஒரு சத்யனை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

இத்தொடருக்காக ஊர் ஊராகக் கேட்டபோது, யார் எந்த ஆண்டு எத்தனை கோல் அடித்தார்கள் என்று பெரியவர்கள் மளமளவென்று சொன்னார்கள். பின்னே நின்றது யார் என்றால்தான் யோசித்தார்கள். யோசித்தபின் பெயர்கள் வரத்தான் செய்தன, ஒவ்வொன்றோடும் ஓர் ஆட்டமும் சேர்ந்து வந்தது. பொழியூர், பூவாறு, கொல்லங்கோடு, வள்ளவிளை வாசகர்களே, உங்கள் ஊர் ஸ்டாப்பர்கள் வாங்கிய பழியோடு அவர்கள் காப்பாற்றிய ஆட்டங்களையும் எழுதி அனுப்புங்கள். இத்தொடர் நூலாகும்போது அந்தப் பட்டியல் முதலில் வரும், கோல் கணக்கு அதற்குப் பிறகுதான்.

(அடுத்த பகுதி: இரவிபுத்தன்துறையின் அண்ணன் தம்பி – சூசைராஜும் ரெஜினும்)